அய்ப்டேசியாவை ஒழிக்கப் போய்ப் பெருக்கிய கதை

போன வாரம் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். உப்புநீர்த் தொட்டி, கல் மேல் நாலு அய்ப்டேசியா, அதாவது தொட்டியில் தொல்லையாகப் பெருகும் கண்ணாடி அனிமோன் என்ற கடல் உயிரி, பக்கத்தில் அவன் கை, கையில் பழைய டூத் பிரஷ். "அண்ணா, தேய்ச்சு எடுத்துடப் போறேன்" என்று கீழே ஒரு வரி. நான் ஃபோன் போடுவதற்குள் தேய்த்து முடித்துவிட்டான். எட்டு வருஷத்துக்கு முன்னால் என் கையில் பிளேடு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உப்பு அளவைப் பாருங்கள், தீனியைக் கொட்டாதீர்கள் என்பதெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அதை விடுகிறேன்.

சுரண்டுவது

இது மட்டும் இன்னும் எனக்கு எரிச்சலைக் கிளப்பும். வேரோடு பிடுங்கிப் போட இது களைச்செடி இல்லை. கல்லில் ஒட்டியிருக்கும் அதன் பாதத்திலிருந்து கண்ணுக்கே தெரியாத ஒரு துணுக்கு பிய்ந்தாலும் போதும், அது தனி அனிமோனாக வளர்ந்துவிடும். யாரும் தொடாதபோதே, நகர்கிற வழியில் பாதத்தின் ஓரத்தைத் துளித்துளியாக விட்டுவிட்டுப் போய்த்தான் அது பெருகுகிறது. பிளேடை வைத்தால் அந்த வேலையை நாமே செய்து கொடுக்கிறோம். நான் சுரண்டியது மூன்றே மூன்று, அதுவும் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது. ஆறு வாரத்தில் சம்ப் என்ற கீழ்த் தொட்டி, அதற்குத் தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி, பம்பின் வாய் என்று எங்கே பார்த்தாலும் முளைத்திருந்தது, நாற்பதோடு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த ஜோவா என்ற பவள வகைக் கூட்டம் கொட்டுப்பட்டுச் சுருங்கியது, பிறகு விரியவே இல்லை.

சரி, என்னதான் செய்வது? பம்பை நிறுத்துங்கள். கால்சியம் ஹைட்ராக்சைடை, அதாவது நீற்றிய சுண்ணாம்பை, கெட்டித் தயிர் பதத்தில் கரைத்து, அனிமோன் நன்றாக விரிந்திருக்கும்போது சிரிஞ்சால் மெதுவாக அதன் வாயை மூடுகிற மாதிரி விடுங்கள். அவசரப்பட்டு முட்டினால் பொந்துக்குள் இழுத்துக்கொள்ளும், ரொம்பச் சீண்டினால் கொட்டுகிற வெள்ளை இழைகளை நூல் நூலாக வெளியே விடும். கால் மணி நேரம் கழித்து பம்பைப் போடலாம். வெற்றிலைக்குத் தடவுகிற டப்பா சுண்ணாம்பு வேண்டாம், அதில் வேறு என்ன கலந்திருக்குமோ.

ஒரே நாளில் முடிக்கும் ஆசை

சுண்ணாம்பு தண்ணீரின் பிஎச்சை, அதாவது காரத்தன்மையை, ஏற்றும். ஒரு நாளைக்கு நாலைந்து அனிமோன் போதும், சின்னத் தொட்டியானால் இன்னும் குறைவு.

கல்லைக் கொதிக்க வைப்பது

கூடவே கூடாது. கல்லில் ஜோவாவுக்கு உறவான பாலிதோவா ஒட்டியிருந்தால் ஆவியோடு பாலிடாக்சின் என்ற நஞ்சு வரலாம். குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

இறால் என்று ஏதோ ஒன்றை வாங்குவது

பெப்பர்மின்ட் இறால்தான் அய்ப்டேசியாவைத் தின்னும், அதுவும் பெரும்பாலும் சின்னதை மட்டும். அதே பேரில் முதுகு கூனிய ஒட்டக இறாலைத் தலையில் கட்டிவிடுவார்கள். உடம்பில் வெள்ளைக் கோடும் புள்ளியும் இருந்தால் ஒட்டக இறால்தான், பவளத்தைக் கடிக்கும், தொடாதீர்கள். சரியான இறாலாகவே இருந்தாலும் மீன் தீனியை வயிறு முட்டப் போட்டால் அது ஏன் அனிமோனைத் தேடிப் போகப் போகிறது?

இறாலோடு பெர்கியா

பெர்கியா ஓடில்லாத குட்டிக் கடல் நத்தை, அய்ப்டேசியாவைத் தவிர எதையும் தின்னாது. இரண்டையும் ஒன்றாக விட்டால் காசு கொடுத்து இறாலுக்கு விருந்து.

புதுத் தொட்டியில் காப்பர்பேண்ட் பட்டாம்பூச்சி மீன்

இதுவும் அய்ப்டேசியாவைத் தின்னும் என்றுதான் வாங்குவார்கள், ஆனால் புதுத் தொட்டியில் அய்ப்டேசியாவுக்கு முன்னால் மீன் போய்ச் சேர்ந்துவிடும்.

தம்பிக்கு இவ்வளவும் சொல்லி முடித்தேன். "பிரஷை அந்தத் தொட்டித் தண்ணியிலேயே அலசிட்டேன், பரவால்லையா அண்ணா?" என்று கேட்கிறான்.