ரகுவரனுக்காக 'அஞ்சலி' பார்க்கும்போது செய்யக் கூடாதவை

நடிகர் ரகுவரன் இறந்தது 2008 மார்ச் 19. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்கூட இன்று அவருக்கு ரசிகர்கள். 'பாட்ஷா' மார்க் ஆண்டனியில் ஆரம்பித்து, 'புரியாத புதிர்' படத்தின் 'ஐ நோ' காட்சியைப் பத்து முறை பார்த்து, 'முதல்வன்' பேட்டிக் காட்சிக்கு வந்து, கடைசியில் ஒருநாள் மணிரத்னத்தின் 'அஞ்சலி' படத்தைத் தேடிப் போகிறார்கள். நானும் அப்படிப் போனவன்தான். அது முழுக்க முழுக்கக் குழந்தைகளின் படம். அதை ஒரு நடிகருக்காக மட்டும் பார்க்கும் பெரியவர்கள் தவறவிடும் விஷயங்கள் நிறைய. முதல் இரண்டு முறை நானும் தவறவிட்டேன்.

பெரிய தவறு, அவர் வரும் இடங்களுக்கு மட்டும் ஓட்டிப் பார்ப்பது. முதல் பாதியில் காலனிப் பிள்ளைகளின் சேட்டை கொஞ்சம் நீளம்தான். 'மொட்டமாடி' பாட்டு வந்தால் விரல் தானாகத் திரையைத் தள்ளப் போகும். தள்ளாதீர்கள். அந்தப் பிள்ளைகள் எவ்வளவு சத்தமாக, எவ்வளவு கூட்டமாக, யாருக்கும் அடங்காமல் திரிகிறார்கள் என்பதைப் பார்த்திருந்தால்தான், பின்னால் மனவளர்ச்சி குன்றிய குழந்தை அஞ்சலி அந்தக் காலனிக்கு வரும்போது நமக்கு வயிறு கலங்கும். தன் குழந்தையை எந்த இடத்துக்குக் கூட்டி வருகிறோம் என்று அப்பா சேகருக்கு, அதாவது ரகுவரனுக்கு, தெரியும். அந்தத் தயக்கம் ரகுவரன் முகத்தில் இருக்கிறது. பாட்டைத் தள்ளிவிட்டு வந்தவருக்கு அது வெறும் சோக முகம்.

அப்புறம், வில்லனை எதிர்பார்த்து உட்காருவது. நாம் 'பாட்ஷா'வை முதலில் பார்த்துவிட்டு வருகிறோம், ஆனால் அது 1995-இல் வந்தது. 'அஞ்சலி' 1990. 'புரியாத புதிர்' படமும் அதே 1990-தான்! மனைவியைச் சந்தேகத்தால் வதைக்கும் கணவனையும், மனைவியால் சந்தேகிக்கப்படும் கணவனையும் ஒரே வருடத்தில் செய்திருக்கிறார். இந்தப் படத்தில் அப்பாவை வேறொரு பெண்ணோடு பார்த்துவிடுகிறான் மகன். வேறு நடிகராக இருந்தால் 'ஏதோ காரணம் இருக்கும்' என்று நாம் சமாதானம் ஆகியிருப்போம். ரகுவரன் என்பதால் நமக்கும் சந்தேகம் வருகிறது. மணிரத்னம் அவரைத் தேர்ந்தெடுத்ததில் இதுவும் ஒரு பலம் என்றே நினைக்கிறேன். 'எப்போது சீறுவார்' என்று காத்திருந்தால், அவர் உள்ளுக்குள் ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு நடப்பது கண்ணில் படாது.

வசனத்தை மட்டும் கேட்பதும் சரியில்லை. அந்தக் குரலுக்கு அடிமையானவர்கள் நாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் படத்தில் அவர் பேசாத நேரத்தைப் பாருங்கள். அஞ்சலியாக நடித்த ஷாமிலிக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அந்த வயதுக் குழந்தையிடம் 'இன்னொரு டேக், இப்படித் திரும்பு' என்று நினைத்தபடியெல்லாம் வாங்க முடியாது. குழந்தை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, எப்போது கையைத் தட்டிவிடுகிறதோ, அதற்குப் பெரியவர்தான் ஈடு கொடுக்க வேண்டும். ஆறடிக்கும் மேல் உயரமான அந்த மனிதர் தோளை இறக்கி, கையை மெதுவாக்கி, குழந்தையின் வேகத்துக்கு வருகிறார். ஷாமிலி, அண்ணன் அக்காவாக நடித்த தருண், ஸ்ருதி மூவருக்கும் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது கிடைத்தது. எதிரே நின்ற ரகுவரனும், அம்மாவாக நடித்த ரேவதியும் தங்களை முன்னால் தள்ளிக்கொள்ளாமல் இடம் விட்டதற்கும் அந்த விருதில் பங்கு உண்டு.

குழந்தைகளோடு சேர்ந்து பார்த்தால் வாயைக் கட்டிக்கொள்ளுங்கள். அக்கா மகளுக்கு ஏழு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளை உட்கார வைத்துப் படத்தைப் போட்டேன். ரகுவரன் வரும்போதெல்லாம் நிறுத்தி, 'இப்பப் பாரு, கண்ணை மட்டும் பாரு' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது முறை நிறுத்தியதும் ரிமோட்டை வாங்கித் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் அந்த வீட்டில் படம் ஒழுங்காக ஓடியது. முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தாள்.

கடைசியாக ஒன்று. நடிகரைப் பிடிக்கும் என்பதற்காகப் பாத்திரத்துக்கு வக்காலத்து வாங்கக் கூடாது. பெற்ற தாயிடம் குழந்தை இறந்துவிட்டது என்று சொல்லி, இரண்டு வருடம் மறைத்து வைக்கிறான் சேகர். குழந்தை அதிக நாள் இருக்காது, அந்த வேதனை அவளுக்கு வேண்டாம் என்பது அவன் சொல்லும் காரணம். ரகுவரன் அதைச் சொல்லும் விதத்தில் நான் பல வருடம் கரைந்துபோயிருந்தேன். படம் முடிந்ததும் மருமகள் கேட்டது வேறு.

"மாமா, அந்த அப்பா ஏன் பொய் சொன்னாரு?"

அம்மா அழக் கூடாதுன்னு, என்றேன்.

"அப்புறமும் அழுதாங்கதானே? அவங்ககிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்ல?"

பதில் சொல்ல முடியவில்லை. ஒரு தாயின் இரண்டு வருடத்தை அவளைக் கேட்காமலே எடுத்துக்கொண்டவன் சேகர். அன்பால் செய்தான் என்பதால் அது சரியாகிவிடாது. இதை ஏற்றுக்கொண்ட பிறகு மறுபடி பார்த்தேன். உண்மை வெளிவரும் காட்சியில் ரேவதியின் முகத்தை அன்றுதான் முதன்முறையாக முழுதாகக் கவனித்தேன். அவருக்கு எதிரே ரகுவரன் நியாயம் சொல்கிறவராக எனக்குத் தெரியவில்லை. மாட்டிக்கொண்ட, களைத்துப்போன ஒரு மனிதராகத் தெரிந்தார். முன்பு நான் ரசித்ததைவிட இது நல்ல நடிப்பு.

அடுத்த வாரம் மருமகளுக்கு 'பாட்ஷா' போட்டுக் காட்டலாம் என்றார் அத்தான். கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு அவளுக்கு அவர் பெயர் 'அஞ்சலி அப்பா'.