தூங்குகிறவரோடு குடும்பம் நடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தறியும் நூல் மில்லும் பனியன் கம்பெனியும் சோறு போடுகிற கொங்கு நாட்டு ஊர்களில், கணவன் மனைவி மனத்தாங்கலுக்குப் பணமும் சொந்தபந்தமும் போகத் தூக்கமும் ஒரு காரணமாக வந்து நிற்கிறது. "வீட்டுக்கு வந்தாப் படுக்கைதானுங்க, ஒரு வார்த்தை பேசறதுக்கு நேரமில்லீங்க" என்று மனைவி வருந்துகிறார். "ஒன்பது மணிக்கு வந்து பார்த்தா வீடே தூங்கிக் கிடக்குது" என்று கணவர் சலித்துக்கொள்கிறார். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். அதைச் சரிசெய்யப் புறப்படும்போது செய்கிற சில தவறுகள்தாம் மனத்தாங்கலைப் பெரிதாக்கிவிடுகின்றன.

முதல் தவறு, கணக்குப் பார்க்காமல் சோம்பேறி என்று பெயர் வைத்துவிடுவது. மில்லில் முழு நைட் ஷிப்ட் முடித்துக் காலை எட்டு மணிக்கு இறங்குகிறவர் வீடு வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுக்கும்போது பத்து மணி ஆகிவிடுகிறது. அவர் மாலை ஐந்து மணிக்கு எழுந்தால் தூங்கியது ஏழு மணி நேரம். வளர்ந்தவர்கள் நாள்தோறும் ஏழு மணி நேரமாவது தூங்க வேண்டும் என்பதுதான் அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015-இல் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை. இரவு பத்துக்குப் படுத்துக் காலை ஐந்துக்கு எழுகிறவரைச் சுறுசுறுப்பானவர் என்று பாராட்டும் அதே வீடு, அதே ஏழு மணி நேரத்தைப் பகலில் தூங்குகிறவரைப் பார்த்து முகம் சுளிக்கிறது. பார்க்கப்போனால் இவருக்குத்தான் நட்டம் அதிகம். வெளிச்சத்துக்கு ஏற்ப இயங்கும் உடல் கடிகாரம் பகலில் உடம்பை எழுப்பிக்கொண்டே இருப்பதால், பகல் தூக்கம் பெரும்பாலும் ஆழமில்லாமலும் அரைகுறையாகவும் அமைகிறது. அந்தக் கடிகாரம் மரபணு அளவில் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த மூவருக்கு 2017-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. வைராக்கியம் இருந்தால் தூக்கத்தை வென்றுவிடலாம் என்று வாதிடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே ஒரு வாரம் இருவரும் படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் காலண்டர் தாளின் ஓரத்தில் குறித்து வாருங்கள். கூட்டிப் பார்த்தால் ஏழெட்டு மணி நேரத்தில் நிற்கிறதா, பத்துப் பதினொன்றைத் தாண்டுகிறதா என்பது தெரிந்துவிடும். முன்னது வேளையைப் பற்றிய சிக்கல்; பின்னது உடம்பையோ மனத்தையோ பற்றிய சிக்கல். இந்தப் பிரிவினை தெரியாமல் பேசுகிற பேச்சு எத்தனை அன்பானதாக இருந்தாலும் எங்கும் போய்ச் சேராது.

குடும்ப நேரம் என்றாலே சாயங்காலம்தான் என்று நினைப்பது அடுத்த தவறு. என் பார்வையில் பெரும்பாலான வீடுகள் சறுக்குவது இங்கேதான். மாடு வைத்திருக்கிற வீட்டுப் பெண் நான்கு மணிக்கு எழுந்து, சாணி அள்ளி, பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்துதான் அடுப்பைப் பற்ற வைக்கிறார். நான்கு மணிக்கு எழ வேண்டியவர் ஏழு மணி நேரம் தூங்க வேண்டுமென்றால் ஒன்பதுக்குப் படுத்தாக வேண்டும். கணவரோ கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து, அந்த ஒன்பது மணிக்குத்தான் செருப்பைக் கழற்றுகிறார். அவர் சோற்றுத் தட்டின் முன்னால் அன்றைய கதையைத் தொடங்கும்போது மனைவிக்குக் கொட்டாவி வருகிறது. இங்கே யாருடைய பழக்கமும் கெட்ட பழக்கம் இல்லை. இரண்டு நாள்கள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாமல் கிடக்கின்றன. இந்த வீட்டுக்கு ஏற்ற நேரம் காலை ஆறரை முதல் எட்டு வரை. கணவர் அரை மணி நேரம் முன்னதாக எழுந்து பிள்ளைகளைக் கிளப்பும் வேலையை எடுத்துக்கொண்டால், நால்வரும் சேர்ந்து இட்லி சாப்பிட ஒரு இருபது நிமிடமாவது மிஞ்சும்.

முழு நைட் பார்க்கிறவருக்கோ மாலை ஐந்து மணிதான் விடியற்காலை. பள்ளி விட்டு வந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தெருமுனைப் பேக்கரிக்கு நடந்துபோய், பிள்ளைக்கு ஒரு பஃப்ஸும் தனக்கொரு டீயும் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தால், அதுவும் குடும்ப நேரம்தான். ஷிப்ட் வாரந்தோறும் மாறுமென்றால், வரும் வாரம் இருவரும் விழித்திருக்கும் பொது நேரம் எது என்பதை ஞாயிற்றுக்கிழமையே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். முழு மாலையையும் கேட்டுச் சண்டை போடுவதைவிட, தவறாமல் கிடைக்கும் அரை மணி நேரம் மேலானது. அந்த அரை மணி நேரத்தில் கைபேசி கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கைபேசி என்றதும் இன்னொன்று. "காலைல எந்திரிக்கவே மாட்டேங்கறாரு" என்ற குறைக்குப் பின்னால் பல நேரங்களில் இருப்பது தூக்கம் இல்லை. பதினொன்று முதல் ஒன்றரை வரை போர்வைக்குள் ஓடிய வீடியோக்கள். பகல் முழுவதும் கம்பெனிக்கும் கடன்காரனுக்கும் பிள்ளைகளுக்கும் போய்விட்டது, இந்த நேரம் மட்டுமே எனக்கு என்ற எண்ணத்தில்தான் பலர் அதை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். காலைத் தூக்கத்தை மட்டும் திட்டினால் இது தீராது. அவருக்கென்று ஒரு மணி நேரத்தை மாலையிலேயே, குற்ற உணர்வு இல்லாமல், ஒதுக்கிக் கொடுத்துப் பாருங்கள். சார்ஜரைப் படுக்கை அறைக்கு வெளியே மாற்றுவது அதற்குப் பின்னால் செய்ய வேண்டிய வேலை.

எழுந்த உடனே கணக்கு வழக்கை ஆரம்பிப்பதும் தவறுதான். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுகிறவரின் மூளை முழுதாகத் தெளிய அரை மணி நேரம் வரை, சில வேளை அதற்கு மேலும் ஆகும். அந்த மந்தத்தில் சீட்டுப் பணத்தையும் பள்ளிக் கட்டணத்தையும் பேசினால் வரும் பதில் எரிச்சலாகத்தான் இருக்கும். அதை அன்பில்லாமை என்று எடுத்துக்கொண்டு அடுத்த சண்டை தொடங்கும். அப்பாவை எழுப்பிவிடும் வேலையைப் பிள்ளையிடம் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள். திட்டு வாங்குவது பிள்ளைதான்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. "அப்பா தூங்கறாரு சாமி, சத்தம் போடாத" என்று லைன் வீட்டு ஒற்றை அறைக்குள் பிள்ளைகளை நாளெல்லாம் வாயடக்கி வைப்பது, தூங்குகிறவர் மீது பிள்ளைகளுக்கு வெறுப்பைத்தான் வளர்க்கும். சன்னலுக்கு அடர்ந்த நிறத்தில் கனத்த துணி, ஒரே சீராக ஓடும் மின்விசிறி, விடியற்காலை மூன்று மணிக்கு மேல் டீ குடிப்பதில்லை என்ற கட்டுப்பாடு ஆகியவை சேர்ந்தால் பகல் தூக்கம் ஓரளவு தேறும். டீயில் உள்ள காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. சத்தத்தைப் பொறுத்தவரை, சீரான இரைச்சலைவிடத் திடீர் மாற்றம்தான் ஆளை எழுப்புகிறது. தறிக்குடோனை ஒட்டிக் குடியிருப்பவர்களைக் கேளுங்கள். தறி ஓடும்வரை அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறவர், கரண்ட் போய்த் தறி நின்றதும் விழித்துக்கொள்வார்.

வாரம் முழுவதும் விட்ட தூக்கத்தை ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை படுத்து ஈடுகட்டும் பழக்கம் திருப்பூர்ப் பக்கம் அதிகம். கறி எடுத்துச் சமைத்து வைத்துவிட்டுக் குடும்பமே காத்திருக்கும். அதை ஒரேயடியாகத் தடுப்பதும் சரியில்லை. கடன் பட்ட தூக்கம் உண்மையான கடன்தான். காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும். சாப்பாட்டுக்குப் பின் மீண்டும் படுத்தால் இருபது முப்பது நிமிடத்தில் எழுப்பிவிடலாம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். மூன்று மணி நேர மதியத் தூக்கம் ஞாயிறு இரவைக் கெடுத்து, திங்கள் காலையையும் சேர்த்து விழுங்கிவிடும். நாமக்கல் லாரியிலும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியிலும் போய் வாரக்கணக்கில் கழித்துத் திரும்புகிறவர்களின் வீட்டில், வந்த அன்றைக்கே சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தையோ கோயில் பயணத்தையோ வைக்காமல் இருந்தால் போதும்.

குறட்டையைக் கேலிப் பொருளாக்குவதுதான் ஆபத்தான தவறு. பெருங்குறட்டை, நடுவில் சில நொடிகள் மூச்சு நின்று பிறகு திணறி எழுவது, காலைத் தலைவலி, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்குவது ஆகியவை சேர்ந்திருந்தால் அது தூக்கத்தில் மூச்சுத்தடை நோயாக இருக்கக்கூடும். மூச்சு நிற்பது தூங்குகிறவருக்குத் தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவரே சாட்சி என்பதால், மருத்துவரிடம் இருவரும் சேர்ந்தே போக வேண்டும். பேருந்தில், டிவி முன்னால், மதியச் சாப்பாட்டுக்குப் பின் எத்தனை தூரம் கண் அசரும் என்பதுபோன்ற எட்டுக் கேள்விகள் கொண்ட எப்வொர்த் அளவுகோல் 1991 முதல் வழக்கத்தில் உள்ளது. மொத்த மதிப்பெண் 24-க்குப் பத்துக்கு மேல் வந்தால் பரிசோதனை தேவை. வண்டி ஓட்டுகிறவராக இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. பெண்களின் ஓயாத அசதிக்கு இரத்தசோகையும் தைராய்டு குறைவும் அடிக்கடி காரணமாகின்றன. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகளும் தூக்கத்தைக் கூட்டும். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளர் குடும்பங்கள் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலிருந்தே தொடங்கலாம்.

உடம்பில் குறையில்லை, வேளையும் பொருந்துகிறது, ஆனாலும் நீங்கள் பேச உட்காரும்போதெல்லாம் அவர் படுக்கையைத் தேடிப் போகிறார் என்றால், தூக்கத்தை விட்டுவிட்டுப் பேச்சைக் கவனியுங்கள். கடனோ, வேலையிடத்து அவமானமோ, நீங்கள் பேசும் தொனியோகூட அவரைப் போர்வைக்குள் தள்ளியிருக்கலாம். பிடித்த காரியங்களில்கூட ஆர்வம் போய், பசி மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் இது நீடித்தால் மனச்சோர்வையும் சந்தேகிக்க வேண்டும். இதை இரு வீட்டுப் பெரியவர்கள் முன்னால் பஞ்சாயத்தாக்கினால் அவர் இன்னும் சுருண்டுகொள்வார். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். நேரில் போகத் தயங்கினால், 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம், முதலில் அழைப்பது நீங்களாகவும் இருக்கலாம்.