வரைபடத்தில் ஓடை இருக்கும், மலையில் இருக்காது: சுண்ணாம்புமலைச் சுற்றுநடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக மலைநடை தொடங்கியிருக்கும் ஒரு தம்பி, போன மாதம் தன் திட்டத்தைக் கொண்டுவந்து காட்டினான். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும் 17 கிலோமீட்டர் வட்டப் பாதை. எங்கே ஏற்றம், எங்கே சாப்பாடு என்று எல்லாம் பென்சிலில் அழகாகக் குறித்திருந்தான். பாதி வழியில், வரைபடத்தில் ஓடையைக் காட்டும் ஒரு நீலக் கோட்டைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் 'தண்ணீர் பிடிக்க' என்று எழுதியிருந்தான். எனக்குச் சுருக்கென்றது. அதே வட்டத்தை ஒரு காலத்தில் நானும் போட்டேன்.

வானிலை பாருங்கள், போனுக்குச் சார்ஜ் போடுங்கள், புதுக் காலணியோடு கிளம்பாதீர்கள் என்பதையெல்லாம் ஆயிரம் பேர் சொல்லியாயிற்று. சுண்ணாம்புப் பாறைக்கும் வட்டப் பாதைக்கும் மட்டுமே உரிய தவறுகளைச் சொல்கிறேன்.

நீலக் கோட்டை நம்பித் தண்ணீர்க் கணக்குப் போடுவது

கோடைக்காலம். நானும் ஒரு நண்பரும். ஆளுக்கு ஒரு லிட்டர்தான் எடுத்துப்போனோம்; ஒன்பதாவது கிலோமீட்டரில் ஓடை இருக்கிறதே, எதற்கு வீண் சுமை என்பது என் யோசனை. அங்கே போய்ப் பார்த்தால் படுகை இருந்தது, கரை இருந்தது, உருண்டைக் கற்கள் இருந்தன. பாசி காய்ந்து கருகிக் கிடந்தது. படுகையின் முடிவில் கல் அடைத்த ஒரு குழி, அவ்வளவுதான். மேலே போனால் கிடைக்கும் என்று அரைமணி நேரம் ஏறினோம், சேறுதான் கிடைத்தது.

எரிச்சல் என்னவென்றால், வரைபடம் என்னை எச்சரித்திருந்தது. அந்த நீலக் கோடு எந்த ஆற்றிலும் போய்ச் சேராமல் நடுவழியில் அறுந்து நின்றது. அச்சுப் பிழை என்று நினைத்துக்கொண்டேன்.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி இலேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்து அகலமாக்கிவிடுகிறது. நீர் புகாத களிப்பாறைமேல் ஒழுங்காக ஓடிவரும் ஓடை, சுண்ணாம்பைத் தொட்டதும் ஒரு துளையில் இறங்கிவிடும். அடியில் மறுபடி நீர் புகாத அடுக்கு தட்டுப்படும் இடத்தில்தான் ஊற்றாக வெளியே வரும். வறண்ட காலத்தில் ஓடை மறையும் இடம் இன்னும் மேலே நகர்ந்துவிடும். ஆகவே கோடு அறுபடும் இடத்தில்கூடத் தண்ணீர் இருக்கும் என்று எண்ண முடியாது.

ஆளுக்கு இரண்டு மடக்கு மிச்சம், இன்னும் எட்டு கிலோமீட்டர். நண்பருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. கடைசி இறக்கத்தில், ஒரு செங்குத்துப் பாறையின் காலடியில், தண்ணீர் குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. 'மூணு மணி நேரமா இதுக்கு மேலதான்யா நடந்தோம்' என்றார் அவர். அதற்குப் பிறகு வண்டி வரைக்கும் என்னோடு பேசவில்லை.

அவர் சொன்னதும் சரியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலைப்பகுதியில் மாலம் டார்ன் என்ற ஏரி இருக்கிறது. அதிலிருந்து வழியும் ஓடை சற்றுத் தொலைவிலேயே மண்ணுக்குள் மறைகிறது. அதன் கீழ்ப்பக்கம் 80 மீட்டர் உயரமுள்ள மாலம் கோவ் என்ற பாறைச்சுவர்; அடியிலிருந்து ஓர் ஓடை கிளம்புகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் ஏரித் தண்ணீர் அந்தச் சுவரைத் தாண்டி, மாலம் ஊருக்கும் தெற்கே வெளிவருகிறது. சுவரடியில் வருவது வேறோர் இடத்தில் மறைந்த தண்ணீர். நிலத்தின் மேற்பரப்பைப் பார்த்து அடியில் ஓடுவதை ஊகிக்க முடியாது. காய்ந்த பள்ளத்தாக்கு என்றைக்கும் காய்ந்தே இருக்கும் என்றும் நம்ப வேண்டாம்: 2015 டிசம்பர் புயல் மழையில் அதே சுவரின் உச்சியிலிருந்து, யாருடைய நினைவுக்கும் எட்டாத காலத்துக்குப் பிறகு, அருவி கொட்டியது.

ஊற்றைக் கண்டால் அப்படியே வாயை வைத்துவிடவும் கூடாது. மணலுக்குள் ஊறிவரும் நீர் வழியிலேயே கொஞ்சம் வடிகட்டப்படும். இங்கே அது குழாயில் வருவதுபோல் பிளவுகளில் நேராக வருகிறது. மேலே ஆடு போட்ட புழுக்கை, குழியில் விழுந்து செத்த ஆடு எல்லாம் அதில் சேர்த்தி. கொதிக்கவைக்காமல், வடிகட்டாமல் குடிக்காதீர்கள். வெயில் காலத்தில் ஆளுக்கு மூன்று லிட்டராவது கிளம்பும்போதே முதுகில் இருக்கட்டும். முடிந்தால் குழாய்த் தண்ணீர் உள்ள ஊர் ஒன்று பாதி வழியில் வருகிற மாதிரி, கிளம்பும் இடத்தையே மாற்றுங்கள். வட்டப் பாதையில் அந்தச் சலுகை உண்டு.

மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்று எழுதுவது

1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். புல்தரையில் சரி. சுண்ணாம்புப் பாறைத்தளத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே தரை முழுதும் கட்டிகட்டியாகப் பிளந்திருக்கும். கட்டிக்குக் கிளின்ட் என்றும் இடுக்குக்குக் கிரைக் என்றும் பெயர். இடுக்குகளில் சில ஆள் உயரத்துக்கு ஆழமானவை, பெரணி வளர்ந்து வாயை மூடியிருக்கும். ஒவ்வோர் அடியும் பார்த்து வைக்க வேண்டும். பாறைத்தளத்தில் கழியும் தூரத்துக்கு நான் இரண்டு மடங்கு நேரம் போடுகிறேன்.

எந்தப் பக்கம் சுற்றுவது என்று யோசிக்காதது

செங்குத்தான பக்கம் ஏறுங்கள், சரிவான பக்கம் இறங்குங்கள். பலர் மிதித்து வழவழத்த சுண்ணாம்புப் பாறை, நனைந்தால் சோப்புக்கட்டி. அதில் ஏறுவதே பாடு. களைத்த காலோடு இறங்குவது விஷப்பரீட்சை.

பாதியில் போய் முடிவெடுப்பது

போன வழியே திரும்பும் நடையில் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். வட்டத்தில் பாதியைத் தொட்டுவிட்டால் முன்னே போனாலும் பின்னே வந்தாலும் அதே தூரம். மூன்றில் ஒரு பங்கில் ஓர் இடத்தைக் குறித்து, 'இத்தனை மணிக்குள் இங்கே வராவிட்டால் திரும்புகிறோம்' என்று கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். குறுக்கே வெட்டி இறங்கும் பாதை ஒன்றும் குறித்திருக்கட்டும். பள்ளத்தாக்கு தானாகக் கீழே கொண்டுபோய்விடும் என்று அதை நம்பி இறங்காதீர்கள். ஒரு காலத்தில் அருவி விழுந்த விளிம்பில் முடிகிற காய்ந்த பள்ளத்தாக்குகள் உண்டு.

பனிமூட்டத்தில் குறுக்குவழி

ஓடை இறங்கி மறையும் விழுகுழிகள் எல்லாவற்றுக்கும் வேலி கிடையாது; மூட்டத்தில் விளிம்பும் தெரியாது. பாதையை விட்டு விலகாதீர்கள். அதே யார்க்‌ஷயர் பகுதியில் கேப்பிங் கில் என்ற குழி ஏறத்தாழ 100 மீட்டர் ஆழம்.

நாயைக் கூட்டிப்போவது

பாறை இடுக்கில் கால் மாட்டும். வீட்டில் இருக்கட்டும்.