குழந்தைகளின் நியூரோபிளாஸ்டோமா: எம்ஆர்ஐ எடுப்பதும் படிப்பதும்

அட்ரினல் சுரப்பியிலோ, முதுகெலும்பை ஒட்டி ஓடும் பரிவு நரம்புச் சங்கிலியிலோ தோன்றும் கட்டி நியூரோபிளாஸ்டோமா. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும். இதை உறுதி செய்ய பயாப்சியும் சிறுநீர்ப் பரிசோதனையும் இருக்கின்றன. அறுவை மருத்துவர் எம்ஆர்ஐ-யில் முக்கியமாகத் தேடுவது இரண்டு: கட்டி எந்த ரத்தக் குழாயைச் சுற்றியிருக்கிறது? தண்டுவடக் கால்வாய்க்குள் புகுந்திருக்கிறதா? படம் எடுக்கும்போதே இந்த இரண்டும் மனதில் இருக்க வேண்டும்.

படி 1: குழந்தையைத் தயார் செய்தல்

அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுக்க வேண்டும் என்பதால் சின்னக் குழந்தைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படும். வழக்கமாக திட உணவை 6 மணி நேரம், தாய்ப்பாலை 4 மணி நேரம், தெளிந்த நீரை 2 மணி நேரம் முன்பு நிறுத்துவார்கள். இறுதிச் சொல் மயக்கவியல் மருத்துவருடையது. ஓரிரு மாதக் கைக்குழந்தையைப் பாலூட்டித் துணியில் சுற்றினாலே தூங்கிவிடும். கீமோ மருந்து செலுத்தத் தோலுக்கடியில் வைத்த போர்ட் இருந்தால் அது எம்ஆர்ஐ-க்கு ஏற்றதா என்று பாருங்கள். காதுக்கு அடைப்பான் கட்டாயம். ஈசிஜி வயர் சுருண்டு தோலில் படக்கூடாது, சூடேறிப் புண்ணாகும்.

படி 2: படங்கள் எடுத்தல்

வயிற்றுக் கட்டி என்றால் உதரவிதானம் முதல் இடுப்புக்குழி வரை எடுங்கள். டி1, டி2, கொழுப்பை அடக்கிய டி2, டிஃப்யூஷன் (திசுவில் நீரின் அசைவைக் காட்டுவது) ஆகிய எம்ஆர்ஐ பட வகைகள் அடிப்படை. ஒவ்வொரு வெட்டின் தடிமன் 3 முதல் 4 மி.மீ. மூச்சசைவால் படம் கலங்கினால் ரத்தக் குழாயின் விளிம்பு தெரியாது, அதனால் மூச்சோடு ஒத்திசைத்து எடுப்பது நல்லது.

படத்தில் திசுக்களை எடுப்பாகக் காட்ட ஊசியில் ஏற்றும் கடோலினியம் கான்ட்ராஸ்ட் கிலோவுக்கு 0.1 மில்லிமோல். மில்லிக்கு 0.5 மில்லிமோல் உள்ள மருந்தானால் 12 கிலோ குழந்தைக்கு 2.4 மில்லிதான். இவ்வளவு சிறிய அளவில் கணிசமான பங்கு டியூபிலேயே தங்கிவிடும். உடனே சலைன் தள்ளாவிட்டால் கான்ட்ராஸ்ட் கொடுத்தும் கொடுக்காதது போல்தான் படம் வரும்.

படி 3: கட்டியைப் பார்த்தல்

பொதுவாக டி1-ல் மங்கலாகவும், டி2-ல் பிரகாசமாகவும், சீரற்றும் தெரியும். டிஃப்யூஷனில் வெள்ளையாகவும் அதிலிருந்து கணக்கிட்டு உருவாக்கும் ஏடிசி படத்தில் கருப்பாகவும் இருக்கும். உள்ளே ரத்தம் கசிந்திருந்தால் டி1-லும் வெள்ளைத் திட்டு வரலாம். சுண்ணாம்புப் படிவுக்கு எம்ஆர்ஐ அவ்வளவு பயன்படாது, அதில் சிடி-தான் கெட்டி. குழந்தைகளின் சிறுநீரகப் புற்றான வில்ம்ஸ் கட்டி சிறுநீரகத்துக்குள்ளிருந்து வளரும். நியூரோபிளாஸ்டோமா பெரும்பாலும் சிறுநீரகத்தை வெளியிலிருந்து தள்ளும், பெருந்தமனியை முதுகெலும்பிலிருந்து முன்னே தூக்கிவிடும்.

படி 4: குழாய்களைத் தொடர்தல்

நிதானம் வேண்டிய இடம் இதுதான். பெருந்தமனி, அதிலிருந்து பிரியும் சீலியாக், மேல் மெசென்டரிக் தமனிகள், இரு பக்கச் சிறுநீரக ரத்தக் குழாய்கள், கீழ்ப் பெருஞ்சிரை என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வெட்டாகத் தொடருங்கள். தமனியின் சுற்றளவில் 50 சதவீதத்துக்கு மேல் கட்டி சூழ்ந்தால் அது 'சுற்றிவளைப்பு'. சிரை தட்டையாகி உட்குழி தெரியாமல் போனாலும் அப்படியே. சுற்றிவளைப்பு ஓர் ஆபத்துக் காரணி, அதாவது அறுவையைச் சிக்கலாக்கும் என்று படத்திலேயே தெரியும் அம்சம். வெறுமனே தொட்டுக்கொண்டிருப்பது ஆபத்துக் காரணி ஆகாது. சிறுநீரக ரத்தக் குழாய்கள் மட்டும் விதிவிலக்கு, அங்கே தொடுதலும் கணக்கு.

படி 5: தண்டுவடக் கால்வாய்

குறுக்கு வெட்டில் கால்வாயின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டி அடைத்திருக்கிறதா, தண்டுவடத்தைச் சுற்றிய திரவ இடைவெளி மறைந்துவிட்டதா, தண்டுவடத்தின் சிக்னல் மாறியிருக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் போதும், அது ஆபத்துக் காரணி. மார்புக் கட்டியில் 9 முதல் 12-ஆம் மார்பு முள்ளெலும்பு வரை விலா எலும்பு சேருமிடத்தில் ஊடுருவல் இருந்தால் தனியாக எழுதுங்கள். தண்டுவடத்துக்கு ரத்தம் தரும் முக்கியத் தமனி அந்தப் பகுதியில் புறப்படலாம்.

படி 6: நிலை

ஓரிடக் கட்டி, ஆபத்துக் காரணி இல்லை: எல்1. ஒன்றாவது இருந்தால் எல்2. தொலைவுக்குப் பரவியிருந்தால் எம். 18 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் தோல், கல்லீரல், எலும்பு மஜ்ஜையில் மட்டும் பரவல் என்றால் எம்எஸ். பரவலைத் தேட எம்ஐபிஜி ஸ்கேனும் (இந்தக் கட்டியின் செல்கள் உறிஞ்சும் கதிரியக்க மருந்தை ஏற்றி எடுப்பது) மஜ்ஜைப் பரிசோதனையும் வேண்டும். கைக்குழந்தையின் சிவப்பு மஜ்ஜை இயல்பாகவே டி1-ல் மங்கலாக இருப்பதால், அதைப் பரவல் என்று எழுதிவிடும் தவறு அடிக்கடி நடக்கும்.

சிகிச்சைக்குப் பின் முதன்மைக் கட்டியின் மிக நீண்ட அளவு 30 சதவீதமாவது குறைந்தால் பகுதிப் பலன். 20 சதவீதத்துக்கு மேல் கூடி, குறைந்தது 5 மி.மீ. வளர்ந்திருந்தால் நோய் முன்னேற்றம். முந்தைய ஸ்கேனில் எந்த வரிசைப் படத்தில், எந்தத் தளத்தில் அளந்தார்களோ அதிலேயே அளக்க வேண்டும்.