சிங்கப்பூர்ப் பூங்காப் பயணத்தை நான் திருத்திய விதம்

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து மூன்று நாள் பயணமாகச் சிங்கப்பூர் சென்று, செந்தோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவைப் பிள்ளைகளுக்குக் காட்ட எண்ணிய நான், நள்ளிரவு விமானத்தில் போய் இறங்கும் அன்றே பூங்காவுக்குச் செல்வதெனத் திட்டமிட்டதுதான் முதற்பிழை. பயணம் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். அங்குள்ள கடிகாரமோ நம்முடையதைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. பிள்ளைகளுக்கு உறக்கம் ஏது? ஆகவே பூங்காவை இரண்டாம் நாளுக்கு மாற்றி, அது வார நாளாக அமையுமாறும் பார்த்துக்கொண்டேன்.

அடுத்தது உயரம். இரட்டைத் தண்டவாள ரோலர் கோஸ்டருக்குக் குறைந்தது 125 சென்ரிமீற்றர் வேண்டும் என்று அறிந்ததும், மகளைச் சுவரோடு நிறுத்தி அளந்தேன்: 121. (குதிக்காலை உயர்த்தியும் பார்த்தாள்.) அழுகை வீட்டிலேயே முடிந்தது, வாயிலில் நிகழ்ந்திருந்தால் அரைநாள் வீணாகியிருக்கும். அவளுடைய அண்ணனும் அம்மாவும் அந்த ரோலர் கோஸ்டரில் ஏறியபோது, 92 சென்ரிமீற்றரே போதுமான கனோப்பி ஃபிளையர் என்னும் தொங்கு ரோலர் கோஸ்டரில் அவளும் நானும் இருமுறை சுற்றினோம்.