பாதரச அயனியைக் காட்டிக்கொடுக்கும் மஞ்சள் கரைசல்: முதல் வேதி உணரியைச் செய்வது எப்படி?

கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டது. அங்கிருந்து வெளியேறிய பாதரசம் மண்ணிலும் நீரிலும் எவ்வளவு கலந்தது என்ற கேள்வி அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓயவில்லை. அயனியாக நீரில் கரைந்த பாதரசத்துக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அதைத் துல்லியமாக அளக்கும் கருவிகள் விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடைப்பதுமில்லை. அதனால்தான் கண்ணால் பார்த்தே முதல் எச்சரிக்கையைப் பெற உதவும் வேதி உணரிகள் மேல் எனக்கு இவ்வளவு ஆர்வம்.

இங்கே சொல்வது கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டியது. வீட்டில் வேண்டவே வேண்டாம்.

முதலில் தத்துவம். வெள்ளியை நானோ துகள்களாக்கி நீரில் மிதக்கவிட்டால், அது 400 நானோமீட்டர் அருகே ஒளியை வலுவாக உறிஞ்சி மஞ்சளாகத் தெரியும். மெர்குரி (II) அயனி, அதாவது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த பாதரசம், வெள்ளியிடமிருந்து எலக்ட்ரான்களைப் பறிக்கும். பாதரசத்தின் ஒடுக்க மின்னழுத்தம் (எலக்ட்ரானைப் பறிக்கும் வலிமையின் அளவு) 0.85 வோல்ட், வெள்ளிக்கு 0.80. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் ஒடுங்கிய, அதாவது எலக்ட்ரான் பெற்று உலோகமான பாதரசம் மிச்ச வெள்ளியோடு ரசக்கலவையாக (பாதரச உலோகக் கலவை) சேர்ந்துகொள்வதும் வினைக்குக் கைகொடுக்கிறது. துகள் கரையக் கரைய மஞ்சள் வெளுக்கும். தாமிரத்துக்கு 0.34 வோல்ட், ஈயத்துக்கு −0.13. அவற்றால் இப்படிப் பறிக்க முடியாது.

படி 1: மஞ்சள் கரைசல்

100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 17 மி.கி. சில்வர் நைட்ரேட்டைக் கரையுங்கள். இது 1 மில்லிமோலார் (லிட்டருக்கு ஆயிரத்தில் ஒரு மோல்). இன்னொரு குடுவையில், ஐஸில் குளிரவைத்த 100 மில்லி நீரில் 7.6 மி.கி. சோடியம் போரோஹைட்ரைடு; வெள்ளி அயனிக்கு எலக்ட்ரான் கொடுத்து அதை உலோகத் துகளாக்குவது இதுதான். இது 2 மில்லிமோலார். போரோஹைட்ரைடை அன்றன்றைக்குத்தான் கரைக்க வேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். அதிலிருந்து ஹைட்ரஜன் வரும் என்பதால் குடுவையை இறுக மூடாதீர்கள்.

போரோஹைட்ரைடு கரைசலில் 30 மில்லியை ஐஸ் தொட்டியில் வைத்து, காந்தக் கலக்கியைப் போட்டு, சில்வர் நைட்ரேட் கரைசலில் 10 மில்லியை நொடிக்கு ஒரு சொட்டு வீதம் விடுங்கள். இரண்டு மில்லி போனதும் வெளிர் மஞ்சள் தட்டும். முழுவதும் விட்டு முடித்ததும் பளிச்சென்ற மஞ்சள். உடனே கலக்குவதை நிறுத்துங்கள், இல்லையென்றால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கரைசல் கருக்கும்.

அப்புறம் 0.3% பிவிபி (பாலிவினைல்பைரோலிடோன், துகள்கள் ஒட்டாமல் காக்கும் பாலிமர்) கரைசல் ஒரு மில்லி சேர்த்து, இருட்டில், தளர்வாக மூடி ஒரு நாள் வையுங்கள். இந்தக் காத்திருப்பைத் தவிர்க்காதீர்கள். மிச்சமிருக்கும் போரோஹைட்ரைடு அதற்குள் சிதைந்துவிடும்; இல்லையென்றால் பின்னால் சேர்க்கும் பாதரசத்தை அதுவே ஒடுக்கிவிடும். வெள்ளிக்கு வேலை வராது, நீங்கள் பார்க்கும் முடிவும் பொய்யாகிவிடும்.

படி 2: தெரிந்த அளவுகள்

1 மில்லிமோலார் மெர்குரிக் அசிடேட் கரைசலை (100 மில்லிக்கு 31.9 மி.கி.) ஆசிரியர் ஃபியூம் ஹூட்டுக்குள் (நச்சு ஆவியை வெளியே இழுக்கும் பெட்டி) தயாரித்துத் தரட்டும். எடை போடும் வேலை உங்களுக்கு வேண்டாம். நைட்ரைல் கையுறை, கண் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அதிலிருந்து 1, 0.5, 0.25, 0.1, 0.05 மில்லி எடுத்து ஒவ்வொன்றையும் 10 மில்லியாக்கினால் 100, 50, 25, 10, 5 மைக்ரோமோலார் (மில்லிமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கிடைக்கும். ஆறாவதாகப் பாதரசமே இல்லாத வெற்றுக் கரைசல்.

படி 3: கலந்து பார்ப்பது

ஒவ்வொரு குழாயிலும் 2 மில்லி மஞ்சள் கரைசல், 2 மில்லி மாதிரி. பத்து நிமிடம் கழித்துப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். பாதரசம் கூடக்கூட நிறம் வெளுக்க வேண்டும். நிறம் கருத்தாலோ சாம்பல் தட்டினாலோ துகள்கள் திரண்டுவிட்டன என்று பொருள். உப்பு நீர் அந்த வேலையைச் செய்யும், அதைப் பாதரசம் என்று எழுதிவிடக் கூடாது. குழாய்த் தண்ணீரை எடுத்த எடுப்பில் சோதிக்க வேண்டாம் என்பது இதனால்தான்.

படி 4: உணரி என்று சொல்லும் தகுதி

எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். நிறம் மாறியதைப் படமெடுத்துக்கொண்டு நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். 400 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து, வெற்றுக் கரைசலின் மதிப்பிலிருந்து ஒவ்வொன்றையும் கழித்து, செறிவுக்கு எதிராக வரைபடம் போடுங்கள். நேர்கோடாக இருக்கும் பகுதியின் சாய்வை எடுங்கள். வெற்றுக் கரைசலைப் பத்து முறை அளந்து அதன் திட்டவிலக்கத்தை (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பது) 3-ஆல் பெருக்கி, சாய்வால் வகுத்தால் கண்டறியும் எல்லை, அதாவது உணரி நம்பகமாகக் காட்டக்கூடிய மிகக் குறைந்த செறிவு, கிடைக்கும்.

பிறகு தாமிரம், ஈயம், காட்மியம், துத்தநாகம், கால்சியம், இரும்பு (III) ஆகியவற்றின் நைட்ரேட்டுகளை 100 மைக்ரோமோலாரில் தனித்தனியாகவும், பாதரசத்தோடு சேர்த்தும் சோதியுங்கள். இரும்பு (III) மீது ஒரு கண் வையுங்கள். அதன் மின்னழுத்தம் 0.77, வெள்ளிக்கு ரொம்பப் பக்கத்தில்.

கிடைத்த எல்லையை ஒப்பிட வேண்டிய அளவு இது: இந்தியக் குடிநீர்த் தரத்தில் பாதரசத்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.001 மி.கி. நம்முடைய மிகக் குறைந்த மாதிரியான 5 மைக்ரோமோலாரிலேயே லிட்டருக்கு 1 மி.கி. இருக்கிறது, அதாவது ஆயிரம் மடங்கு. எனவே நிறம் வெளுக்கவில்லை என்பதற்காக எந்தத் தண்ணீரையும் குடிக்கலாம் என்று சொல்லிவிடாதீர்கள். மீனில் சேரும் மீத்தைல் பாதரசம் வேறு வடிவம், அதற்கும் இந்தச் சோதனை பொருந்தாது.

மஞ்சள் கரைசலை நீர் சேர்த்து நீர்க்கச் செய்து பயன்படுத்தினால் உணர்திறன் கொஞ்சம் கூடும், நிறம் மங்கும். அதற்கும் கீழே போக ஒளிர்வு முறைகள் உண்டு. பாதரசம் பட்டதும் வளையம் திறந்து இளஞ்சிவப்பாக ஒளிரும் ரோடமின் மூலக்கூறுகளை அடுத்ததாகப் படியுங்கள்.

படி 5: கழிவு

ஒரு சொட்டுகூடக் கழுவு தொட்டியில் ஊற்றாதீர்கள். குழாய்களைக் கழுவிய முதல் நீர் உட்பட எல்லாவற்றையும் "பாதரசக் கழிவு" என்று தேதியோடு எழுதி ஒட்டிய பாட்டிலில் சேர்த்து, ஆய்வகப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.