ஸ்டேட்மென்டின் யுபிஐ வரிகளை க்னூகேஷ் அடையாளம் கண்டுகொள்ள

எங்கள் ஹார்டுவேர் கடைக் கணக்கை க்னூகேஷ் என்ற இலவசக் கணக்கு மென்பொருளில்தான் எழுதுகிறேன். பேங்க் ஸ்டேட்மென்டை ஏற்றினால் ஒவ்வொரு வரியையும் உரிய கணக்குத் தலைப்போடு தானாகவே பொருத்திவிடும் என்பார்கள். பொருத்தும்தான், ஆனால் ஸ்டேட்மென்டை அப்படியே தூக்கிப் போட்டால் யுபிஐ வரிகளில் திணறும்.

காரணம் ஸ்டேட்மென்டின் 'விவரம்' நெடுவரிசையில் இருக்கிறது. நம் பேங்குகள் பலவும் 'யுபிஐ', 12 இலக்க எண், பெயர் எல்லாவற்றையும் சாய்கோடு போட்டு ஒட்டித் தருகின்றன. க்னூகேஷ் இடைவெளியைப் பார்த்துத்தான் சொல் பிரிக்கும். இடைவெளி இல்லையென்றால் முழு வரியும் அதற்கு ஒரே சொல். உள்ளே இருக்கும் எண் ஒவ்வொரு தடவையும் மாறுவதால் அந்தச் சொல் மறுபடி வரவே வராது. பெயின்ட் கம்பெனிக்கு வருஷம் முழுக்கப் பணம் போட்டாலும் 'கொள்முதல்' என்று அது கற்றுக்கொள்ளாது.

அதனால் ஸ்டேட்மென்டின் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) லிப்ரேஆபிஸில் திறந்து, சாய்கோட்டை இடைவெளியாக மாற்றுங்கள். 'விவரம்' நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்யுங்கள், இல்லாவிட்டால் தேதியில் உள்ள சாய்கோடும் போய்விடும். ஏற்றும்போது தேதி வரிசை நாள்-மாதம்-வருடம்தானா என்று பாருங்கள். முதல் மாதம் ஒவ்வொரு வரிக்கும் கணக்குத் தலைப்பை நீங்களே காட்ட வேண்டும், கொஞ்சம் அலுப்புதான். அடுத்த மாதம் பெயரை வைத்து அதுவே போடும். கிழமையையும் கணக்கில் எடுக்கும். சனிக்கிழமை கூலி போடுகிறவர்களுக்கு இது வசதி.

நாம் முன்பே எழுதிவைத்த செக் பதிவுகள் வேறு கதை. அங்கே நம் பதிவையும் பேங்க் வரியையும் ஒப்பிட்டு மதிப்பெண் போடும். தொகை ஒத்தால் 3. அதே தேதி என்றால் இன்னும் 3, 4 நாளுக்குள் என்றால் 2. 14 நாளைத் தாண்டினால் 5 குறையும். செக் நம்பர் ஒத்தால் 4 கூடும். மொத்தம் 6 வந்தால் தானாகப் பொருத்தும். 3 அல்லது அதற்குக் கீழே போனால் புதுப் பதிவாகச் சேர்க்கும்.

நம்மூரில் செக் 3 மாதம் செல்லும். வாங்கியவர் 20 நாள் கழித்துப் பேங்கில் போட்டால் 3, 4, கழித்தல் 5, ஆக 2. செக் நம்பர் ஒத்திருந்தும் ஒரே செலவு இரண்டு தடவை ஏறிவிடும்! இறக்குமதி அமைப்புகளில் அந்த 14-ஐ 30 ஆக்கிவிடுங்கள், 7 வந்துவிடும். ஏற்றும்போது செக் நம்பர் நெடுவரிசையையும் மறக்காமல் காட்டுங்கள்.

தவறாக எதையாவது கற்றுக்கொண்டிருந்தால், கருவிகள் மெனுவில் 'இம்போர்ட் மேப் எடிட்டர்' இருக்கிறது. அந்தப் பெயரைத் தேடி அழித்தால் போதும்.